ஓய்வு நாளின் உரிமை: இளம் வீரர்களின் கட்டாயப் பயிற்சியும் பெற்றோரின் பங்கும்

பயிற்சிக்கு வராத பிள்ளையைப் பற்றிப் பயிற்றுவிப்பாளர் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார். பயிற்சியை விடவே முடியாத பிள்ளையைப் பற்றி யாரும் சொல்லியனுப்புவதில்லை. காய்ச்சலோடு மைதானத்துக்கு வருபவன், கணுக்கால் வீங்கியிருந்தும் துணியால் கட்டிக்கொண்டு ஓடுபவள், மழை நாளில் அறைக்குள் நூறு தண்டால் எடுத்து முடிக்காமல் சாப்பாட்டுக்கு உட்காராதவன் ஆகியோரை நாம் பாராட்டுகிறோம். மற்றப் பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். அந்தப் பாராட்டு சில வேளைகளில் ஒரு நோயின் மேல் போய் விழுகிறது. அந்த நோய் வளர்வதிலும் தணிவதிலும் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் வாழ்க்கையை முன்வைத்து அந்தப் பங்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டாயப் பயிற்சி என்பது என்ன?

அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடரிக் பேக்லண்ட், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கமும் மனநிலையும் எப்படி மாறுகின்றன என்று அறிய விரும்பினார். ஒரு மாதம் பயிற்சியை நிறுத்தச் சம்மதிப்பவர்களுக்குப் பணம் தருவதாகவும் சொன்னார். வாரத்தில் ஐந்தாறு நாட்கள் பயிற்சி செய்தவர்கள் பணத்துக்கும் இணங்கவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் பயிற்சி செய்பவர்களைக் கொண்டே அவர் ஆய்வை நடத்த வேண்டியிருந்தது. 1970இல் வெளியான அந்த ஆய்வு, பயிற்சியை நிறுத்தியவர்களுக்குத் தூக்கம் கெட்டதையும் பதற்றம் கூடியதையும் பதிவுசெய்தது. ஆய்வுக்கு வர மறுத்தவர்களே அதைவிடப் பெரிய உண்மையை வெளிப்படுத்தினார்கள். நல்லது என்று எல்லோரும் போற்றும் ஒரு பழக்கத்தை, ஒரு மாதம்கூட விட்டிருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. 1979இல் வில்லியம் மோர்கன் ஓட்டக்காரர்களிடம் இதையே எதிர்மறையான அடிமைத்தனம் என்று விளக்கினார். வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓடுபவர்களையும், தொழிலையும் குடும்பத்தையும் ஓட்டத்துக்குப் பின்னால் தள்ளியவர்களையும் அவர் அதில் சேர்த்தார்.

2011இல் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் இதை அளப்பதற்கென ஒரு வினாக்கொத்தை உருவாக்கினார்கள். அது ஐந்து கூறுகளைப் பார்க்கிறது. பயிற்சியைத் தவறவிட்டால் குற்ற உணர்வும் பதற்றமும் வருகின்றனவா? உடல் எடையைக் கட்டுப்படுத்தவே பயிற்சி செய்யப்படுகிறதா? மனம் தேறுவதற்கு அந்த ஒரு வழியைத்தான் பிள்ளை நம்பியிருக்கிறதா? பயிற்சியில் மகிழ்ச்சி இல்லாமல் போய்விட்டதா? நேரம், தூரம், எண்ணிக்கை எதையும் இம்மியும் மாற்ற முடியாத இறுக்கம் இருக்கிறதா? எத்தனை மணித்தியாலம் பயிற்சி என்ற கேள்விக்கு இந்த ஐந்திலும் இடமில்லை. ஒரே மைதானத்தில் ஒரே அளவு ஓடும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று உற்சாகத்தோடு ஓடலாம். மற்றது பயத்தோடு ஓடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். காலில் நோவு வந்து ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் பிள்ளை சலித்துக்கொள்ளும், பிறகு நண்பர்களோடு பொழுதைப் போக்கும். இரண்டாவது பிள்ளை தூங்காது, சாப்பாட்டைக் குறைக்கும், யாருக்கும் தெரியாமல் எழுந்து ஓடும்.

உளநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்குத் தனி நோய்ப்பெயர் இல்லை. உணவுக் கோளாறுகளின் ஓர் அறிகுறியாகவே அளவுமீறிய பயிற்சி அங்கே குறிப்பிடப்படுகிறது. பெயர் இல்லாத காரணத்தால் வீட்டிலும் பாடசாலையிலும் இது ஒழுக்கம், வைராக்கியம், கடின உழைப்பு என்ற நல்ல பெயர்களோடு உலவுகிறது.

இந்தக் கரையின் பெற்றோர்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் இந்தக் கரையோரத்தில் இன்று பதின்வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் எதைக் கடந்து வந்தவர்கள் என்பதைப் பார்க்காமல் அவர்களைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. அவர்களின் பிள்ளைப் பருவமும் இளமையும் யுத்தத்துக்குள் கழிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுதான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வரிசை வரிசையாக வீடுகள் இல்லாமல் போயின. அதன் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. வயல், கடல், கைத்தறி, சிறு வியாபாரம், வெளிநாட்டுச் சம்பளம் ஆகியவற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் இவை. ஒரு பிள்ளையாவது முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசை இந்த வீடுகளில் மற்ற எல்லா ஆசைகளையும் விடப் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

முன்னுக்கு வர நம் ஊர்களில் தெரிந்த வழி பரீட்சைதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், வெட்டுப்புள்ளி என்று அந்த வழி போகிறது. படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு, அல்லது படிப்போடு இன்னொரு பலமும் தேடும் பிள்ளைக்கு, விளையாட்டு இரண்டாவது வழியாகத் திறக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலிடம் வந்தால் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை மட்டம் என்று படிகள் உண்டு. தேசிய மட்டச் சாதனைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. சான்றிதழ்கள் நேர்முகப் பரீட்சைகளில் புள்ளி தருகின்றன. ஆகவே விளையாட்டும் மெல்ல மெல்ல இன்னொரு டியூஷன் வகுப்பாக மாறிவிடுகிறது. பாடசாலை, குர்ஆன் மத்ரஸா, டியூஷன், மைதானம் என்று ஒரு பிள்ளையின் நாள் முழுவதும் அளந்து பிரிக்கப்படுகிறது. விளையாட்டாக விளையாடும் நேரம் அதில் எந்த இடத்திலும் இல்லை.

சுபஹுத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். கரைவலைக்காரர்கள் தோணியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஈர மணலில் ஒரு பையன் ஓடிக்கொண்டிருப்பான். வாப்பா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பையன் ஓடி வந்து நின்றதும் தண்ணீர்ப் போத்தலை எடுப்பதற்கு முன் வாப்பாவின் முகத்தைப் பார்ப்பான். “நேத்தைய விட ரெண்டு செக்கன் கூடிட்டு மகன்” என்று வாப்பா சொல்வார். அதட்டல் ஏதும் அந்தக் குரலில் இராது. பையன் தலையை ஆட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி ஓடத் தொடங்குவான். அவரும் அவனைத் தடுப்பதில்லை. அந்தத் தகப்பன் நல்லவர். தன் தூக்கத்தை விட்டு வந்தவர். ஆனால் தன் நேரத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் வாப்பாவின் முகம் இருக்கிறது என்பதை அந்தப் பையன் ஒவ்வொரு விடியலிலும் படித்துக்கொண்டிருக்கிறான்.

அன்பின் நிபந்தனை

பெற்றோர் பிள்ளையின் விளையாட்டில் மூன்று விதமாக நுழைகிறார்கள் என்று ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸ், ஜாக்குலின் எக்கில்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2004இல் வகுத்துக் காட்டினார்கள். செலவுக்கும் பயணத்துக்கும் வழிசெய்பவர்களாக, தாமே செய்து காட்டுபவர்களாக, நடந்ததற்குப் பொருள் சொல்பவர்களாக. இந்த மூன்றாவது பங்குதான் மிக ஆழமானது. தோற்றுவிட்டு வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தோல்வியின் பொருள் என்னவென்று தெரியாது. வீட்டில் என்ன சொல்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள், அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அது பொருளை அறிகிறது. ஓய்வு நாளுக்கும் அப்படியே. ஓடாத நாள் சோம்பல் நாளா, உடம்பு தேறும் நாளா என்பதை வீடுதான் சொல்லிக்கொடுக்கிறது.

அவி அஸ்ஸோர், கை ரோத், எட்வர்ட் டெசி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகப் பொருத்தமானது. பிள்ளை எதிர்பார்த்தபடி நடக்கும்போது அன்பைக் கூட்டுவதும், நடக்காதபோது குறைப்பதுமான வளர்ப்பை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகளில் படிப்போடு விளையாட்டும் ஒன்று. இப்படி வளர்ந்தவர்கள் பெற்றோர் விரும்பியதைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளுக்குள் ஒரு கட்டாயம் தம்மைத் தள்ளியதாகச் சொன்னார்கள். வெற்றி தந்த திருப்தி சீக்கிரம் வடிந்துபோனது. தவறினால் வெட்கமும் குற்ற உணர்வும் வந்தன. பெற்றோர் மீது மனக்கசப்பும் இருந்தது. இன்னொரு பகுதியில் தாய்மாரையும் மகள்மாரையும் சேர்த்து ஆராய்ந்தபோது, இப்படி வளர்க்கப்பட்ட தாய்மார் தம் மகள்மாரையும் அதே விதமாக வளர்க்கும் போக்கு தெரிந்தது. தமக்கு எது வலித்ததோ அதையே கையளித்தார்கள்.

இது நம் வீடுகளில் எப்படி நடக்கிறது? அடியோ ஏச்சோ தேவையில்லை. கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் ஒரு வாப்பா இரவு இமோவில் அழைக்கிறார். “இண்டைக்கு கிரவுண்டுக்குப் போனீங்களா மகன்?” “இல்ல வாப்பா, கால் நோகுது.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, போன உம்மாட்டக் குடுங்க.” அவ்வளவுதான். முதல் நாள் ஐந்து கிலோமீற்றர் ஓடியதாகச் சொன்னபோது அதே அழைப்பு அரை மணித்தியாலம் நீண்டது. கூட்டாளிகளைப் பற்றியும் பூனையைப் பற்றியும் கூட வாப்பா கேட்டார். இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை, ஓடினால் வாப்பா கிடைப்பார், ஓடாவிட்டால் கிடைக்கமாட்டார் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. தூர தேசத்தில் வெயிலில் நின்று உழைக்கும் அந்தத் தகப்பன் அப்படி ஒரு கணக்கைக் கற்பிக்கக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். களைப்பிலும் ஏமாற்றத்திலும் வந்த மௌனம் அது. ஆனால் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது மௌனம் மட்டும்தான், களைப்பு வந்து சேரவில்லை.

செலவும் இதே கணக்கைச் செய்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டிராவிஸ் டோர்ஷும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, குடும்ப வருமானத்தில் எவ்வளவு பங்கு பிள்ளையின் விளையாட்டுக்குப் போகிறதோ, அந்தப் பங்கு கூடக் கூடப் பிள்ளை உணரும் அழுத்தமும் கூடுகிறது என்று கண்டது. அழுத்தம் கூடினால் மகிழ்ச்சியும் தொடர்ந்து விளையாடும் விருப்பமும் குறைகின்றன. தொகையைவிட, வருமானத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் இங்கே முக்கியம். நாட்கூலி வாங்கும் வீட்டில் ஓர் ஓட்டச் சப்பாத்து என்பது கொழும்பில் வசதியான வீட்டின் சப்பாத்தைவிடப் பல மடங்கு பாரமானது. “உனக்காக நகையை அடகு வைத்தேன்” என்று உம்மா சொல்ல வேண்டியதுமில்லை. காப்பு இல்லாத கையைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கடனை அடைக்கத் தன்னிடம் இருப்பது தன் உடம்பு மட்டுமே என்று அது முடிவுகட்டினால், ஓய்வு என்பது கடனை இழுத்தடிப்பதாகவே அதற்குத் தோன்றும்.

உடம்பைப் பற்றிய பேச்சு

கட்டாயப் பயிற்சிக்குள் நுழையும் இன்னொரு வாசல் உடம்பைப் பற்றிய பேச்சு. “ஒல்லிக்குச்சி”, “குண்டு” என்ற சொற்கள் நம் வீடுகளில் செல்லமாகவும் புழங்குகின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜெரிகா பேர்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் எடையையும் உருவத்தையும் பற்றிப் பேசிய வீடுகளின் பதின்வயதினரிடம் பட்டினி கிடப்பது போன்ற தவறான எடைக் கட்டுப்பாட்டு முறைகள் கூடுதலாகக் காணப்பட்டன. எடையைப் பேசாமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அவை குறைவாக இருந்தன. ஒரே அக்கறைதான், சொன்ன விதத்தால் விளைவு மாறியது.

நம் ஊர்களில் இந்தப் பேச்சு ஆண்பிள்ளைக்கு ஒரு விதமாகவும் பெண்பிள்ளைக்கு இன்னொரு விதமாகவும் போய்ச் சேர்கிறது. ஆண்பிள்ளைக்கு உடம்பு ஏற வேண்டும், தசை தெரிய வேண்டும். ஜிம் இல்லாத ஊர் இல்லை என்னும் அளவுக்கு வந்துவிட்ட இக்காலத்தில், புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வரும் பதினாறு வயதுப் பையனை யாரும் கேள்வி கேட்பதில்லை. தன் உடம்பு எவ்வளவு வளர்ந்தாலும் சிறியதாகவே தெரியும் மனநிலை ஒன்று உண்டு என்பதை அமெரிக்க உளமருத்துவர் ஹாரிசன் போப் 1990களில் விளக்கியிருக்கிறார். பெண்பிள்ளைக்கு மெலிவு வேண்டும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிக்கும் மரபுள்ள இந்தக் கரையில், கலியாணப் பேச்சின் பாரத்தோடு உருவத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்து வருகிறது. பருவமடைந்த பிறகு மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் பல. திறமையான ஓட்டக்காரி ஒருத்தி சாதாரண தரத்துக்கு முன்பே ஓட்டத்தை விட்டுவிடுகிறாள். ஓட்டம் நின்றாலும் உடம்பைப் பற்றிய பேச்சு நிற்பதில்லை. அப்போது பயிற்சி அறைக்குள் போகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கயிறு தாண்டுவதும், இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு எண்ணி எண்ணிச் செய்வதும் தொடங்கும். கூட்டாளிகளும் பயிற்றுவிப்பாளரும் இல்லாத அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. மைதானத்தை மூடிவிட்டால் ஆபத்து நீங்கும் என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். திறந்த மைதானமும் பெண் பயிற்றுவிப்பாளரும் கூட்டாளிகளும் உள்ள விளையாட்டு, தனியறைப் பயிற்சியைவிடப் பிள்ளைக்குப் பாதுகாப்பானது.

உடம்பு கேட்கும் விலை

வளரும் உடம்புக்கு இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று அன்றாட அசைவுக்கு, மற்றது வளர்ச்சிக்கு. பயிற்சி கூடி, உணவு அதற்கேற்பக் கூடாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலையை விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டுச் சக்திக் குறைபாடு என்று பெயரிட்டு, 2018இலும் 2023இலும் விளக்கத்தை விரிவாக்கியது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு உறுதி குறையும். ஓட்டக்காரர்களின் காலெலும்பில் நுண்ணிய வெடிப்புகள் வரும். நோயெதிர்ப்பு தளரும், மனம் சோரும், எரிச்சல் கூடும். ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. எலும்பு தன் உறுதியைச் சேர்த்துக்கொள்ளும் காலம் பதின்வயதுதான். அப்போது தவறவிட்டதைப் பின்னர் முழுவதுமாக மீட்பது கடினம்.

இந்தக் குறைபாடு உணவை வேண்டுமென்றே குறைத்தால்தான் வரும் என்றில்லை. பாலும் முட்டையும் மீனும் விலையேறி, வீட்டில் எல்லோருடைய தட்டும் சுருங்கிய காலத்தில், பயிற்சியின் அளவை மட்டும் சுருக்காமல் வைத்திருந்தாலும் அதே குறைபாடு வரும். பயிற்றுவிப்பாளரின் அட்டவணையைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. இந்தத் தூரத்துக்கு நம் வீட்டுச் சாப்பாடு போதுமா என்று அவரிடம் கூச்சமின்றிக் கேட்பது அதைவிட நல்லது. பிளேன்டீயும் ஒரு துண்டு பாணும் சாப்பிட்டுவிட்டுப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் பிள்ளையின் மன உறுதியைப் புகழ்வதற்கு முன், அந்தப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 2024 மார்ச்சில் இதே அம்பாறைக் கரையில், திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அது கட்டாயப் பயிற்சியின் கதை அன்று. அதில் எந்தப் பெற்றோரையும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அந்தத் துயரம் இந்த மாவட்டம் முழுவதற்கும் ஒன்றைச் சொல்லிச் சென்றது. களைத்துப்போன பிள்ளை தானாக நின்றுவிடும் என்று பெரியவர்கள் நம்பியிருக்கக் கூடாது. நிறுத்தும் பொறுப்பு பெரியவர்களுடையது. நிற்பதையே தோல்வியாகப் படித்துக்கொண்ட பிள்ளை விஷயத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

வற்புறுத்தாமல் யார் உயர்ந்தார்கள்?

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். கண்டிப்பான தகப்பன்மார் இல்லாமல் சாதனையாளர்கள் உருவாகியிருக்கிறார்களா? தன் மகள்மாரை மல்யுத்த வீராங்கனைகளாக்கிய ஹரியானாவின் மஹாவீர் சிங் போகாட்டின் கதை ‘தங்கல்’ என்ற திரைப்படமாகி நம் வீடுகளிலும் ஓடியது. மகள் கீதா 2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் பதக்கம் உண்மையானது. அதைப் பார்த்துவிட்டு எழும் தகப்பன்மாரின் ஆசையும் உண்மையானது.

ஆனால் மற்றக் கதைகளையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். ஒடிசாவின் புதியா சிங் 2006 மே மாதம், நான்கு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீற்றரை ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஓடினான். வறுமையால் கைமாறிய அந்தப் பிள்ளையைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து வளர்த்தவர் ஜூடோ பயிற்றுவிப்பாளர் பிரஞ்சி தாஸ். நாடே கைதட்டியது. ஓட்டத்தின் முடிவில் பிள்ளை துவண்டு விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அரசு தலையிட்டு நெடுந்தூர ஓட்டத்தைத் தடைசெய்தது. உலகத்தின் மாபெரும் மரதன் வீரனாவான் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளை அப்படி ஆகவில்லை. மறுபக்கம், டென்னிஸின் உச்சத்தைத் தொட்ட ஆந்த்ரே அகாசி 2009இல் எழுதிய தன்வரலாற்றில், நாளொன்றுக்கு 2,500 பந்துகள் அடிக்கும்படி தகப்பன் வைத்திருந்ததையும், தான் அந்த விளையாட்டையே வெறுத்து வந்ததையும் எழுதினார். ஒருவர் கிண்ணங்களை வென்றார், ஒருவர் வெல்லவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது, ஓடவோ அடிக்கவோ வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைப் பருவத்தில் இல்லாமல் போனதுதான்.

தனித்தனிக் கதைகளைவிட வலுவான சான்றும் உண்டு. சிக்காகோவில் பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட நூல், ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், பியானோக் கலைஞர்கள், கணிதவியலாளர்கள் உள்ளிட்ட 120 பேரின் வளர்ச்சியை ஆராய்ந்தது. அவர்களின் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் விளையாட்டும் மகிழ்ச்சியும் அன்பான ஆசிரியரும் நிறைந்தவையாக இருந்தன. கடும் உழைப்பு பின்னால் வந்தது; பிள்ளையின் சொந்த விருப்பத்தின் மேல் வந்தது. பெற்றோர் உழைப்பை மதித்தார்கள், நேரமும் பணமும் கொடுத்தார்கள். ஆகவே பெற்றோர் விலகி நிற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. துணை நிற்பதும் உரிமை கொண்டாடுவதும் வேறு வேறு. துணை நிற்கும் வாப்பா “இண்டைக்கு எப்படி இருந்தது?” என்று கேட்கிறார். உரிமை கொண்டாடுபவர் “இண்டைக்கு எத்தனை?” என்று கேட்கிறார்.

மார்க்கம் தரும் முன்மாதிரி

நம் சமூகத்தில் இதைப் பேசுவதற்கு வெளிநாட்டு ஆய்வுகளை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) என்ற இளம் தோழர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்தார். இதைக் கவலையோடு நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுபோனவர் அவருடைய தகப்பனார் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி). உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்துக்கும் அவர் மீது ஹக்கு உண்டு என்று எடுத்துச் சொல்லி, நபியவர்கள் அந்த வணக்கத்தையே குறைக்கச் சொன்னார்கள். அவர் இன்னும் கூடுதலாகச் செய்ய அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அந்தச் சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார் என ஸஹீஹுல் புகாரி பதிவுசெய்கிறது.

இந்தச் சம்பவத்தில் தகப்பனின் இடத்தைக் கவனியுங்கள். மகன் செய்தது கெட்ட காரியமன்று; ஊர் மெச்சும் நற்காரியம். ஆனாலும் அளவு மீறுகிறது என்பதைத் தகப்பன் கண்டார், பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை, மகன் மதிக்கும் ஒருவரிடம் போய்ச் சொன்னார். வணக்கத்துக்கே அளவு வைத்த மார்க்கத்தில், சுற்றோட்டங்களுக்கு அளவு வைக்க நாம் தயங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அமானிதம் என்று ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அமானிதமாக வந்ததைத் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ரமழான் மாதம் இதைக் கண்டறிய ஏற்ற காலம். எல்லோருடைய அட்டவணையும் குலையும் மாதம் அது. பெரும்பாலான பிள்ளைகள் பயிற்சியைக் குறைத்து, நோன்பு துறந்த பிறகு மெதுவாக ஓடுகிறார்கள். அஸருக்கு முந்தைய வெயிலில் நோன்போடு ஓடியே தீரும் பிள்ளை, தராவீஹுக்குப் பிறகு தூக்கத்தை விட்டு ஓடும் பிள்ளை, ஸஹர் உணவைக் குறைக்கும் பிள்ளை ஆகியோரைப் பெற்றோர் அந்த மாதத்தில் எளிதாக அடையாளம் காணலாம்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் தந்த வழிகாட்டல், இளம் வீரர்களுக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஓய்வும், தமது விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று மாத விலகலும் வேண்டும் என்றது. நீரு ஜெயந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, தம் வயதின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான மணித்தியாலங்கள் வாரந்தோறும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்குக் கடுமையான காயங்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. நினைவில் வைக்க எளிய அளவு இது: பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிழமைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மேல் எல்லை. நம் ஊர்களில் வெள்ளிக்கிழமையை முழு ஓய்வு நாளாக்குவது இயல்பாகப் பொருந்தும். கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலிருந்து சின்னஞ்சிறு பாடசாலைத் திடல்வரை பயிற்றுவிப்பாளர்கள் இணங்கினால் அது வழக்கமாகிவிடும். ஒரு பிள்ளை மட்டும் ஓய்வெடுத்தால் பின்தங்கிவிடும் பயம் வரும். எல்லோரும் எடுத்தால் வராது.

வீட்டில் செய்யக்கூடியவை சொல்லில் சிறியவை. நேரத்தையும் தூரத்தையும் பயிற்றுவிப்பாளரிடம் விட்டுவிடலாம். பிள்ளை ஓடாத நாளில் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அதனோடு பேசலாம். வெளிநாட்டிலிருக்கும் வாப்பா வாரத்தில் சில அழைப்புகளிலாவது விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருக்கலாம். தோற்ற அன்று சாப்பாட்டு மேசையில் வழக்கமான கலகலப்பு இருக்கட்டும். எடையைப் பற்றிய பகிடியை நிறுத்தலாம். செலவு செய்தால் திரும்ப எதிர்பார்க்காமல் செய்யலாம். அது முடியாத செலவென்றால் அந்தச் செலவைச் செய்யாமலிருப்பதே பிள்ளைக்கு நல்லது. நோவை மறைத்து ஓடுவது, ஓய்வு நாளில் அழுவதும் எரிந்து விழுவதும், ஒளித்துப் பயிற்சி செய்வது, மாதவிடாய் நிற்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எலும்பு நோவு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. குடும்ப வைத்தியரிடமோ, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ, கல்முனையின் ஆதார வைத்தியசாலைகளிலோ பேசலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெற்றோரைக் கைதட்ட மட்டும் அழைக்கிறோம். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மாலை அழைத்து, இந்த ஆண்டின் பயிற்சி அளவு இது, ஓய்வு நாள் இது, உணவு இது, காயம் என்றால் இத்தனை நாள் விலக்கு என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பதக்கம் பெற்ற பிள்ளையை மேடையில் ஏற்றுவதோடு, காயத்துக்கு ஒழுங்காக ஓய்வெடுத்துத் திரும்பி வந்த பிள்ளையையும் பெயர் சொல்லிப் பாராட்டலாம்.

இந்தக் கரையின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகத் தூக்கம், பணம், தேசம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் தியாகம் கேட்க வேண்டியதில்லை. பிள்ளை ஓடும் நாளில் காட்டும் அதே முகத்தை ஓடாத நாளிலும் காட்டும்படி மட்டுமே கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு ஓய்வெடுங்கள் மகன் என்ற சொல்லைப் பயிற்றுவிப்பாளரும் சொல்லலாம், வைத்தியரும் சொல்லலாம். யாருடைய முகத்துக்காகப் பிள்ளை ஓடுகிறதோ அவர்கள் சொன்னால்தான் அது நம்பி உட்காரும்.